ஊர் ஊதிய நாள்

திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவனுக்கு இரண்டு சாமான் கட்டாயம் வேண்டும். கண்டெய்னர் லாரிகள் கிளப்புகிற புழுதியிலிருந்து மிஷினை மூடி வைக்க ஒரு தடித்த பிளாஸ்டிக் உறை. அப்புறம் பொறுமை. உறையை மண்ணடியில் வாங்கிவிட்டேன். பொறுமை எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஆதாரில் பிறந்த தேதி மாற்ற வருகிறவரில் ஆரம்பித்து ஹால் டிக்கெட் எடுக்க வருகிற பிள்ளைகள் வரை எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். ஆனாலும் வருகிறார்கள். மற்ற கடைகளில் கரண்ட் போனால் போனதுதான், இந்த ரஷீது பாய் கடையில் இன்வெர்ட்டர் உண்டு.

மோகனப்ரியா முதல் தடவை வந்த அன்றைக்கும் அப்படித்தான் எரிந்து விழுந்தேன். காத்திவாக்கத்தில் கழிமுகத்தை ஒட்டிய மீனவக் குப்பத்துப் பெண். நர்சிங் படித்தவள். மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் பணம் கொடுக்கிற பவுண்டேஷன்கள் எங்கே இருக்கின்றன என்று நெட்டில் தேடித் தரவேண்டும், இங்கிலீஷில் விண்ணப்பம் அடித்துத் தரவேண்டும் என்றாள். இது என்ன ரயில் டிக்கெட்டா, தேடினதும் வருவதற்கு என்றேன். அவள் கைக்குட்டையை எடுத்து என் கம்ப்யூட்டர் திரையைத் துடைத்தாள். துடைத்துவிட்டு கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தாள்.

“உங்குளுது கறுப்பா கீது பாய். எங்க ஊர்ல சாம்பக் கலரு,” என்றாள்.

அதற்கப்புறம் அவள் மேல் நான் எரிந்து விழவில்லை.

அவள் வேலை பார்த்த இடத்துக்கு ஊரில் மூச்சு வூடு என்று பேர். குப்பத்து முனையில், ஐஸ் பெட்டிகள் அடுக்கி வைக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. வயதான டாக்டரம்மா ஒருவர் சின்னதாக ஒரு டிரஸ்ட் வைத்து அதை நடத்திவந்தார். உள்ளே இரண்டு மிஷின். ஒன்று ஊதுகிற மிஷின். மூக்கைக் கிளிப் போட்டு அடைத்துக்கொண்டு, நெஞ்சு நிறைய இழுத்து, காற்று தீர்கிறவரை குழாயில் ஊதவேண்டும். நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அது சொல்லிவிடும். இன்னொன்று ஆக்ஸிஜன் மிஷின். சிலிண்டர் வேண்டாம், கரண்ட் இருந்தால் போதும், அறைக் காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்து மூக்குக் குழாய்க்கு அனுப்பும். மூச்சு வாங்குகிறவர்கள் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அதிக நேரம் உட்காருகிறவர் அன்பரசன். அவர் மோகனப்ரியாவின் அப்பா.

டாக்டரம்மா இறந்துபோனார். டிரஸ்டில் மிஞ்சியவர்கள் அடையாறில் இருக்கிற இரண்டு பெரியவர்கள். மோசமானவர்கள் என்று சொல்லமாட்டேன். வாடகையையும் கரண்ட் பில்லையும் தங்கள் பென்ஷனிலிருந்து கொஞ்ச காலம் கட்டினார்கள். பிறகு மோகனப்ரியாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் யாராவது பணம் கொடுக்க முன்வந்தால் நடத்தலாம், இல்லாவிட்டால் அறையை மூடிவிட்டு மிஷின்களைப் பெரிய ஆஸ்பத்திரி எதற்காவது கொடுத்துவிடுவோம் என்றார்கள். அன்பரசனை அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ஆக்ஸிஜன் வைப்பார்கள், வைத்தும் இருக்கிறார்கள். தேறியதும் வீட்டுக்குப் போ என்பார்கள். வீட்டுக்கு வந்தால் அவருக்கு மூச்சு வூடுதான் கதி. அதுவும் போனால் அவர் என்ன ஆவார் என்று அந்த வீட்டில் ஒருத்தரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஆக, தேடினோம். தானம் செய்கிறவர்களைப்போலப் பிடிகொடுக்காத ஆட்கள் உலகத்திலேயே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு பவுண்டேஷன் கண்ணுக்கு மட்டும் கொடுக்கும். ஒன்று இதயத்துக்கு. ஒன்று ஆப்பிரிக்காவுக்கு. ஒன்று, நாங்களே தேடி வந்து கொடுப்போம், யாரும் எழுதிக் கேட்காதீர்கள் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அப்புறம் எதுக்குடா வெப்சைட் வைத்தாய் என்று நான் திரையைப் பார்த்துக் கேட்டேன். வெளிநாட்டுப் பணம் வாங்குகிற அனுமதி இருக்கிறதா என்றது ஒன்று. டாக்டரம்மா படுக்கையில் கிடந்தபோதே அது காலாவதியாகிவிட்டது. இதற்குமுன் உங்களுக்கு ஆராய்ச்சிப் பணம் கொடுத்த பவுண்டேஷன்களின் பேரை எழுது என்றது இன்னொன்று. அனுபவம் இருந்தால்தான் முதல் வேலை கொடுப்பேன் என்கிற கம்பெனி மாதிரி. எல்லாம் பொருந்தி, அப்பாடா என்று ஒன்று கிடைத்தால் கடைசித் தேதி போயிருக்கும்.

மோகனப்ரியா கேட்டது பேராசையும் இல்லை. குப்பத்தில் யார் யாருக்கு நுரையீரல் எவ்வளவு போயிருக்கிறது என்று வீடு வீடாக அளந்து எழுதவேண்டும். பன்னிரண்டாவது முடித்துவிட்டு இறால் உரிக்கப் போகிற பெண்களுக்கு அந்த அளக்கிற வேலையைக் கற்றுக்கொடுக்கவேண்டும். மூச்சு அடைத்தவனை எப்படி உட்கார வைக்கவேண்டும், எப்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்கவேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்கவேண்டும். அறை ஓடவேண்டும். விண்ணப்பத்தில் வருகிற கேள்விகளுக்கு அவள் தமிழில் சொல்வாள், நான் இங்கிலீஷில் அடிப்பேன். உங்கள் வேலையால் இந்த மக்களின் வாழ்க்கையில் அளந்து காட்டக்கூடிய மாற்றம் என்ன வரும் என்று ஒரு கேள்வி. ரொம்ப நேரம் யோசித்தாள்.

“நைனா யாரையும் புட்ச்சிக்காம தானா கக்கூஸ் வரிக்கும் போய்ட்டு வருவாரு பாய்.”

பயனாளிகளின் சுயமாக நடமாடும் திறன் கணிசமாக மேம்படும் என்று இங்கிலீஷில் அடித்தேன். நான் பி.காம் படித்ததற்கு அன்றைக்குத்தான் ஒரு உபயோகம் வந்தது.

வாரக்கணக்கில் அடித்தோம், அனுப்பினோம். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர் போட்ட பதிலில் வருத்தம் மட்டும் தாராளமாக இருந்தது. மழைக்காலம் போய்ப் பனியும் போனது. மாசி பிறந்த பிறகுதான் புனேயில் இருக்கிற ஒரு பவுண்டேஷன் ஆள் மாதிரி பேசியது. உங்கள் திட்டம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது, நேரில் வருகிறோம் என்றது. மூச்சு வூட்டுப் பதிவேட்டில் இருக்கிற நோயாளிகளை அவர்களே தங்கள் மிஷினில் ஊதச் சொல்லி அளப்பார்களாம். வயதுக்கு இருக்கவேண்டிய மூச்சை விட இங்கே குறைவு என்று தெரிந்தால் ஆராய்ச்சிக்கும், பெண்களின் படிப்புக்கும், மிஷின்களுக்கும் சேர்த்துப் பணம் வரும். மோகனப்ரியா கடையிலேயே அழுதுவிட்டாள். குறைவாக இருப்பதைக் காட்டவேண்டும், அவ்வளவுதானே, எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம் என்று சொல்லிச் சிரித்தாள்.

வருவதற்கு முன் சில போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எடுப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுனாமிக்கு அப்புறம் கட்டிக்கொடுத்த வீடு. கதவைத் திறந்தால் எதிரே அன்பரசன்தான். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோள் இரண்டும் காதுக்கு ஏறி இறங்க, மூச்சு விடுவதையே முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருந்தார். ஒரு காலத்தில் கழிமுகத்தில் இக்கரையிலிருந்து அக்கரைக்கு வலையை இழுத்துக்கொண்டே நீந்தியவர் என்று அவர் மனைவி ஜெயக்கொடி சொன்னார். ஜெயக்கொடி எண்ணூர் பஸ் நிலையத்துக்கு வெளியே மீன் விற்கிறவர். பஸ் சத்தத்துக்கு மேலே கூவிக் கூவி விற்றுப் பழகிய தொண்டை. வீட்டுக்குள்ளும் அதே தொண்டையில்தான் பேசுவார். புருஷனுக்கு இல்லாத மூச்சையும் சேர்த்து அந்த அம்மாள்தான் விடுகிறார் என்று எனக்குத் தோன்றியது.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார். எறாவும் முருங்கைக்காயும் போட்ட குழம்பு. தட்டில் விழுந்த எறாவைப் பார்த்ததும், இவ்வளவு பெரிசு கழிமுகத்தில் இன்னும் கிடைக்கிறதா என்று கேட்டேன்.

“தம்பி புட்ச்சது பாய்,” என்றார் அன்பரசன். மூச்சு வாங்கிக்கொண்டு, “ஆனா என் பாடு,” என்றார்.

அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். அவர் துண்டு துண்டாகச் சொன்னதை ஜெயக்கொடி ஒட்டவைத்துச் சொன்னார். கழிமுகத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை போட இடம் போதாது. அதனால் ஊரில் முறை வைத்திருக்கிறார்கள், அந்த முறைக்குப் பாடு என்று பேர். முறை வந்த வீட்டுக்காரன் பேரை விடியலில் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பேருக்கு ஓர் ஆள் நிற்கவேண்டும். பேருக்கு உரியவன் காய்ச்சலில் கிடந்தால் அண்ணன் தம்பி நிற்கலாம், மச்சான் நிற்கலாம். அன்றைக்குப் படுகிற மீன் பேருக்கு உரிய வீட்டுக்குப் போகும். ஒருத்தரும் நிற்காவிட்டால் பாடு அடுத்த வீட்டுக்குத் தாண்டிவிடும், அப்புறம் எத்தனை கெஞ்சினாலும் திரும்பாது. அன்பரசனுக்கு முடியாமல் போனதிலிருந்து அவர் பேருக்கு நிற்கிறவர் தம்பி குமாரவேல். மற்ற நாளில் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர், அண்ணன் பாடு வந்தால் மட்டும் இங்கே வந்துவிடுவார்.

“ஆளு எவன்னு யாரும் பாக்க மாட்டாங்கோ பாய். பேருக்கு பதில் வரணும்,” என்றார் அன்பரசன்.

“இந்த வூட்டுப் பேரு ஒரு நாளும் சும்மா போனதில்ல,” என்றார் ஜெயக்கொடி. “இவுரு படுத்துகினு கெடந்தாலும் நான் எவனையாவது நிக்க வச்சிருவேன். இன்னும் ரெண்டு எறா போட்டுக்கோ பாய்.”

போட்டுக்கொண்டேன். நல்ல முறைதான் என்று சொல்லிவிட்டு, தட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

புனேக்காரர்கள் சித்திரையில் வந்தார்கள். கச்சான் காற்று அடிக்கிற காலம். மேற்கேயிருந்து சூடாக வந்து, அனல் மின் நிலையத்துச் சாம்பல் குட்டையைத் தடவிக்கொண்டு குப்பத்துக்குள் நுழையும். காய வைத்த துணி, மூடாத சோறு எல்லாவற்றிலும் நறநறக்கும். அன்றைக்கு அன்பரசனுக்குக் காலையிலிருந்தே முடியவில்லை. மூச்சு வூட்டில்தானே ஊதச் சொல்லப்போகிறார்கள், அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும் என்று மோகனப்ரியா அவரை ஆட்டோவில் கொண்டுபோய் ஆக்ஸிஜன் மிஷின் பக்கத்தில் உட்கார வைத்தாள். மற்ற நோயாளிகளிடமும் போய்ச் சொல்லி வைத்திருந்தாள். பயப்படவேண்டாம், உங்களால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஊதினால் போதும் என்று.

வந்தவர்கள் ஒரு டாக்டர் மேடமும் இரண்டு இளைஞர்களும். லாரிகளுக்கு நடுவில் மாட்டி, வெயில் ஏறிய பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். மூச்சு வூட்டைப் பார்த்தார்கள். கூரைச் சூடு அதிகமாக இருக்கிறது, எங்கள் மிஷின் சரியாகக் காட்டாது, ரோட்டோரம் இருக்கிற சமுதாயக் கூடத்தில் வைத்துக்கொள்வோம் என்றார்கள். அடுத்ததாக இன்னொன்று சொன்னார்கள். அளக்கிற நேரத்தில் அந்த மையத்தில் வேலை பார்க்கிறவர் யாரும் அங்கே இருக்கக்கூடாதாம். ஆராய்ச்சி நடுநிலையாக இருக்கவேண்டும் என்பதற்காக அப்படி ஒரு விதியாம். ஆதார் அட்டையும் கேட்கமாட்டார்களாம், அது நோயாளிகளின் அந்தரங்கத்துக்காக. பதிவேட்டில் இருக்கிற பேரைக் கூப்பிடுவார்கள், சம்மதமா என்று கேட்பார்கள், ஊதச் சொல்வார்கள். கூப்பிட்டு வராத பேரைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

எல்லாம் நல்ல எண்ணத்தில் போட்ட விதிகள்தான். அதில் ஒன்றைக்கூட நான் இன்றுவரை குறை சொல்ல முடியவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

மோகனப்ரியா என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். வேறு எங்கே போவாள். என் மனைவி தாஹிரா வீட்டிலிருந்து எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நைனாவை ஹாலுக்கு யார் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று ஒரு தடவை கேட்டாள். அம்மா இருக்கிறாளே, எப்படியும் பார்த்துக்கொள்வாள் என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். நாலு மணிக்கு மேல் ஜெயக்கொடியிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. எல்லாம் ஜோராக முடிந்தது, ஒரு பேர்கூட விட்டுப்போகவில்லை, அந்தப் பசங்கள் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள், மேடம் எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார்கள் என்றார். அப்போதுதான் மோகனப்ரியா ஜூஸைக் குடித்தாள். ராத்திரிக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு பை நிறைய கிழங்கான் மீன் வந்தது.

அந்த ஒரு மாதம் அவள் சிரித்த முகமாக இருந்தாள். பன்னிரண்டாவது முடித்த பெண்கள் நாலைந்து பேரைச் சேர்த்து, பணம் வருவதற்கு முன்னாலேயே நாடி பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். அவர்களுக்கு அட்டை அடித்துத் தரச் சொன்னாள். நான் லேமினேஷன் போட்டு, கழுத்தில் மாட்ட நாடா வைத்துக் கொடுத்தேன்.

பதில் வந்த அன்று கடையில் கூட்டம் இல்லை. மெயிலைத் திறந்து அவளே சத்தமாகப் படித்தாள். முதல் பாராவில் ஊர் மக்களின் அன்புக்கு நன்றி. இரண்டாவதில், மகிழ்ச்சியான செய்தி என்று ஆரம்பித்து, அளந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நுரையீரல் அவர்கள் வயதுக்கு இருக்கவேண்டியதைவிட நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. ஆகவே எங்கள் உதவி இதைவிடத் தேவை அதிகமுள்ள வேறு பகுதிக்குப் போகவேண்டியிருக்கிறது, உங்கள் பணி தொடர வாழ்த்துகள். கூடவே ஒரு பட்டியல். எல்லோரையும்விட அதிகமாக ஊதியவர் பேரில் தனியாக மஞ்சள் பூசியிருந்தார்கள். அன்பரசன்.

அவள் அந்தப் பேரைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அப்புறம் போனை எடுத்துச் சித்தப்பா குமாரவேலைக் கூப்பிட்டு, என் மேஜையில் ஸ்பீக்கரில் வைத்தாள். பின்னால் காசிமேட்டுச் சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம்.

“சித்தப்பா, பவுண்டேஷன்காரங்க வந்தன்னிக்கி நைனா பேருக்கு யாரு ஊதுனது?”

“நான்தாம்மா. ஏன், இன்னா ஆச்சி?”

“யாரு உன்ன ஊத சொன்னது?”

“அண்ணிதான். உங்க நைனா அங்க காத்து மிஷின்ல குந்திகினு கீறாரு. எய்ந்திரிக்கவே முடில. இங்க ஹால்ல பேரு கூப்ட்டுனே கீறாங்கோ. ஆளு இல்லன்னா அடுத்த பேருக்கு பூடுறாங்கோ. தடைக்காலம்னு நான் குப்பத்துல வலை தச்சிகினு இருந்தேன். அண்ணி ஓடியாந்துச்சி, வலைய அப்டியே போட்டுட்டு வாடா, அண்ணன் பாடு போவுதுன்னு. நான் போய் நின்னேன். நான் மட்டுமா? தங்கபுஷ்பம் அக்காவுக்கு அது தங்கச்சி ஊதிச்சி. எயுந்து வர முடியாதவங்க எல்லார் பேருக்கும் அவங்கவங்க வூட்டு ஆளுங்கதான். அண்ணிதான் ஓடி ஓடி நிக்க வச்சிச்சி. ஒரு பாடு உடலியே.”

மோகனப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

“நல்லா ஊதுனியா சித்தப்பா?”

“தம் கட்டி ஊதுனேம்மா. அண்ணன் பேராச்சே.”

பிறகு அவள் நடந்ததைச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. குறைவாக ஊதினால்தான் பணம் என்று சொன்னாள். குமாரவேல் போனை வைத்துவிட்டாரோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

“சித்தப்பா. இத்த அம்மாகிட்ட மட்டும் பேசாத,” என்றாள் அவள்.

நான் ஒரு யோசனை சொன்னேன். அவர்கள் மிஷின் கோளாறு, ஹாலில் மின்விசிறிக் காற்று பட்டு அளவு மாறிவிட்டது என்று எழுதலாம், மறுபடி வந்து அளக்கச் சொல்லலாம் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. தப்பாக அளந்தால், தப்பாக அளந்தோம் என்று எழுதவேண்டும், டாக்டரம்மா முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே அதுதான் என்றாள். சரி என்று உள்ளதை உள்ளபடி அடித்தேன். கழிமுகத்தில் வலை போடுகிற முறை, பேர் கூப்பிடுகிற வழக்கம், பேருக்கு உறவுக்காரர் நிற்பது, எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாடுபட்டு விளக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல இங்கிலீஷ் நான் எழுதியதில்லை.

மூன்றாம் நாளே பதில் வந்துவிட்டது. தானம் செய்கிறவர்கள் அவ்வளவு சீக்கிரம் பதில் போட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம். ஆனால் ஆள்மாறாட்டம் நடந்த இடத்தில் கிடைக்கும் எந்த அளவையும் இனி எங்களால் நம்ப முடியாது. மறுபடி அளக்க எங்கள் விதியில் இடமில்லை. எங்களோடு சேர்ந்து இயங்கும் மற்ற பவுண்டேஷன்களுக்கும் இதைத் தெரிவிப்பது எங்கள் கடமை. அத்தோடு கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியாகிவிட்டது. நான் மிஷின் உறையைக் கீழே போட்டு மிதித்தேன். வேறு யாரை மிதிப்பது?

ஆனி மாதம் அடையாறு பெரியவர்கள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். அதில் ஒருவர் கண் கலங்கித்தான் நின்றார். ஊதுகிற மிஷினை ஒருத்தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். ஆக்ஸிஜன் மிஷினை இரண்டு பேராகத் தூக்கினார்கள். அட்டை மாட்டிய பெண்கள் சுவரோரம் நின்று பார்த்துவிட்டு, நாடாவைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள். அவர்களில் இருவர் அடுத்த வாரமே இறால் கம்பெனி வேனில் ஏறினார்கள். மோகனப்ரியாவுக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை கிடைத்தது. வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதி ஊசி போடுகிற வேலை. விசைப்படகுத் தடைக்காலம் முடிந்ததும் குமாரவேல் கடலுக்குப் போனவர், கரைக்கு வந்தாலும் அண்ணன் வீட்டுப் பக்கம் வருவதில்லை. பாடு வந்தால் நின்று, மீனைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாராம்.

ஒருநாள் தாஹிரா கறிக் கஞ்சி காய்ச்சி, அந்த மனுஷனுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று தூக்கில் ஊற்றிக் கொடுத்தாள். போனபோது ஜெயக்கொடி மீன் விற்கப் போயிருந்தார். அன்பரசன் அதே நாற்காலியில், முன்னால் ஒரு ஸ்டூலில் தலையணை போட்டு அதில் கவிழ்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கஞ்சியை ஸ்பூனில் கொடுத்தேன். இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. முழுங்குகிற நேரத்துக்கு மூச்சை நிறுத்தவேண்டுமே, அது அவரால் முடியவில்லை.

“பாய்.” கொஞ்சம் பொறுத்து, “என் பேருல எவ்ளோ வந்துச்சி?” என்றார்.

அவருக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. மகள் சொல்லியிருக்கமாட்டாள். படுத்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள், தானாகவே சேர்த்து வைத்துப் புரிந்துகொண்டிருப்பார். எல்லோரையும்விட அதிகம் என்றேன்.

சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். தோள் குலுங்கியது.

“தம்பிக்கு நல்ல நெஞ்சு,” என்றார். இன்னும் கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்தார். “அவளுக்கு தெரிய வாணாம் பாய். ஓடி ஓடி செஞ்சிக்கிறா.”

நான் தலையாட்டினேன். அங்கே அதற்குமேல் உட்கார முடியவில்லை. தூக்கைக் கழுவாமலே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், தாஹிரா கேட்டதற்கு முழுதும் சாப்பிட்டார் என்று சொன்னேன்.

நேற்று மத்தியானம் ஜெயக்கொடி கடைக்கு வந்தார். கூடையை வெளியே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வழக்கமான தொண்டை இல்லை. ராத்திரியெல்லாம் புருஷன் தூங்கவில்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே விடிந்தது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், போய்ப் போய்த் திரும்பி வர என்னால் முடியாது, இங்கேயே இருக்கிறேன் என்கிறாராம். மகள் சரியாகப் பேசுவதில்லையாம். கொழுந்தன் மூஞ்சியே காட்டுவதில்லையாம். எல்லோருக்கும் நான் என்ன கெடுதல் செய்தேன் என்று கேட்டார்.

நான் பேப்பர் கட்டைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணு கேக்கறேன் பாய், உள்ளத சொல்லு. அந்த புனேக்காரங்க ஏன் நமக்கு குடுக்கல? இன்னா கொற வச்சோம்? பேரு கூப்ட்டப்ப எல்லாப் பேருக்கும் ஆளு நிக்க வச்சேன். அவுரு பேரு வந்தப்ப வெயில்ல செருப்பு கூட இல்லாம ஓடுனேன். சட்ட மாத்த வச்சி கொய்ந்தனார நிக்க வச்சேன். எங்க ஆளுங்க நல்லாதானே ஊதுனாங்கோ?”

“நல்லா ஊதுனாங்கக்கா,” என்றேன்.

“எங்க வூட்டுப் பேரு?”

“உங்க வூட்டுப் பேருதான் எல்லாத்தையும் விட ஒசத்தி. மஞ்சள் பூசி எழுதியிருந்தாங்க.”

அந்த அம்மாள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்படியானால் நம்மிடம் குறையில்லை, குறை அவர்களிடம்தான் என்றார். வந்து தின்றுவிட்டுப் போனவர்களை நாலு வார்த்தை திட்டினார். பிறகு எழுந்து, வெளியே போய், கூடையிலிருந்து ஒரு கை எறாவை அள்ளித் தாமரை இலையில் கட்டி, தாஹிராவுக்கு என்று என் மேஜைமேல் வைத்தார்.

“வேற பவுண்டேஷன் எதுனா பாரு பாய். போனா போவுது. அவங்க வரட்டும், இந்த வாட்டியும் குமாரவேலையே ஊத சொல்றேன்.”

சரிக்கா என்று சொல்லி, திரையைத் துடைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன்.